பெயரோடு வரும் பிள்ளை

(மூவொரு இறைவன் பெருவிழாவன்று வானொலியில் வழங்கிய மறையுரை)



இன்றைய இரண்டாம் வாசகம் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. நாம் கடவுளின் வீட்டில் அடிமைகள் அல்ல, தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகள் என்று புனித பவுல் அதில் சொல்லுகிறார். தூய ஆவியார்தாம் நம்மைப் பிள்ளைகளாக்கி, கடவுளை "அப்பா" என்று கூப்பிட வைக்கிறார் என்கிறார்.

தத்துப்பிள்ளை என்றவுடன் நம் மனக்கண்ணில் வருவது தொட்டில் குழந்தைதான். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து நம் மக்கள் மனத்தில் அந்தப் படம் இன்னும் ஆழமாகப் பதிந்துவிட்டது. கண் திறக்காத பச்சைக் குழந்தை, பெயர் இல்லை, நினைவு இல்லை. நாம் ஊட்டுவதுதான் அதற்கு மொழி, நாம் காட்டுவதுதான் அதற்குத் தாய்.

பவுலின் கடிதம் வாசிக்கப்படக் கேட்ட உரோமை நகர மக்களுக்கு இந்தப் படம் தோன்றியிருக்காது. உரோமையர் பெரும்பாலும் தத்தெடுத்தது வளர்ந்த ஆண்பிள்ளைகளை. யூலியு சீசரின் உயில் வழியாக அகுஸ்து அவருடைய மகனானபோது வயது 18. அந்த அகுஸ்து திபேரியுவை மகனாக ஏற்றபோது திபேரியு நாற்பதைத் தாண்டியவர். பவுல் இந்தத் திருமுகத்தை எழுதியது ஏறக்குறைய கி.பி. 57இல். அப்போது பேரரசராக இருந்த நீரோவே ஒரு தத்துப்பிள்ளை. கிளாவுதியு அவரை மகனாக்கியது கி.பி. 50இல், 12 வயதில். நீரோ என்ற பெயரே அன்று வந்ததுதான். அதற்கு முன் அவர் லூசியு தொமித்தியு. (தத்தெடுப்பின் நன்மைக்கு நீரோவை யாரும் எடுத்துக்காட்டாகச் சொல்லமாட்டார்கள். நாமும் சொல்லவில்லை.) பவுல் தத்துப்பிள்ளை என்றபோது கேட்டவர்கள் நினைத்தது, ஏற்கெனவே ஒரு பெயரும் ஒரு வீடும் ஒரு கதையும் உள்ள ஆளை. விடுதலைப் பயண நூலில் மோசேயும் அப்படித்தான். தாயிடமே பால் குடித்து, ஓரளவு வளர்ந்த பிறகுதான் பார்வோன் மகளிடம் போய்ச் சேருகிறான். அதுவும் வேற்று இனத்து வீட்டுக்கு.

இதை இன்று ஏன் சொல்லுகிறோம் என்றால், எங்கள் மணவாள நகர்ப் பங்கில் நடந்த ஒன்றுக்காக. சம்பந்தப்பட்ட குடும்பம் சொல்லச் சொன்னதால் சொல்லுகிறோம். பெயர்கள் வேண்டாம்.

அவர் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்ப்பவர், அந்த அம்மா தையல் வேலை செய்பவர். திருமணமாகி நெடுங்காலம் பிள்ளை இல்லை. வேளாங்கண்ணிக்கும் மருத்துவமனைக்கும் மாறி மாறி நடந்து களைத்த பிறகு, காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்யப் போனார்கள். போன பிறகுதான் தெரிந்தது, கணவன் மனைவி இருவருடைய வயதையும் கூட்டி 85க்குள் இருந்தால்தான் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை. 100 வரை இருந்தால் எட்டு வயது வரையுள்ள பிள்ளை. இவர்களுக்குக் கூட்டினால் 96. ஆக, பெரிய பிள்ளையைத் தேடி அவர்கள் போகவில்லை, கணக்கு அங்கே கொண்டுபோய் விட்டது. அதை அவர்களே சிரித்துக்கொண்டு சொல்லுவார்கள். புனிதர் பட்டம் கொடுத்துவிடாதீர்கள் ஃபாதர் என்பார்கள்.

வந்தவள் ஏழு வயதுச் சிறுமி, வட மாநிலம் ஒன்றின் குழந்தைகள் இல்லத்திலிருந்து. தமிழ் ஒரு சொல் தெரியாது. வெளிநாடு இல்லைதான். ஆனால் சோறும் குழம்பும் ரசமும் தட்டில் வைத்தபோது அவள் ரொட்டி கேட்டு அழுதாள் என்றால், அவளைப் பொறுத்தவரை இது வெளிநாடுதானே?

அன்பியக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. "இவ்வளவு பெரிய பிள்ளையா? எல்லாம் ஞாபகம் இருக்குமே." இதே வார்த்தையை எத்தனை வாயிலிருந்து கேட்டோம்! நல்ல மனிதர்கள், செபமாலை தவறாதவர்கள். அவர்களுடைய அச்சம், பிள்ளைக்குப் பழைய வீடு ஞாபகம் இருந்தால் புதிய வீட்டில் ஒட்டாது என்பது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. ஏனென்றால் நாம் அதைவிட மோசமான ஒன்றைச் செய்தோம்.

சிறுமி மறைக்கல்விக்கு வரத் தொடங்கியதும், திருமுழுக்குக்கு ஒரு புனிதையின் பெயரை நாமே தேர்ந்தெடுத்தோம். இன்றிலிருந்தே அப்படிக் கூப்பிட்டுப் பழக்குங்கள் என்று ஆசிரியையிடம் சொன்னோம். மூன்று வாரம் கழித்து அந்த ஆசிரியை வந்து, "பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது ஃபாதர்" என்றார். பெற்றோர் பயந்துபோய்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். காதில் ஒரு குறையும் இல்லை. கூப்பிட்டது அவளை என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தாய் வைத்த பெயர் ஒன்றுதான் அவள் கையோடு கொண்டுவந்த உடைமை. அதையும் வாசலில் வாங்கி வைத்துவிடப் பார்த்தோம்.

திருச்சபைச் சட்டத் தொகுப்பை மறுபடி எடுத்துப் பார்த்தோம், குருமடத்தில் படித்ததுதான். 855ஆம் விதி கேட்பது, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்பது மட்டுமே. 852ஆம் விதியோ, புத்தி தெளிந்த பிள்ளையைத் திருமுழுக்கில் கைக்குழந்தையாக நடத்தாதே, வளர்ந்தவருக்குரிய முறையில் நடத்து என்கிறது. அவளிடம் கேட்டிருக்க வேண்டும். நாம் கேட்கவில்லை.

திருவள்ளூர் ரயில் நிலையம் நமக்குப் பக்கம். இரவில் வடக்கே போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறவர்கள் நாம். அந்தச் சத்தத்தில் அடிக்கடி நினைவுக்கு வருகிற ஒரு வரலாறு உண்டு. 1986இல் மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூர் நிலையத்தில், அண்ணனுக்காகக் காத்திருந்த ஐந்து வயதுச் சிறுவன் நின்றிருந்த வண்டியில் ஏறித் தூங்கிவிட்டான். விழித்து, இறங்க முடிந்தபோது அது கல்கத்தா. தன் ஊர்ப் பெயரையும் தன் பெயரையும் அவன் மழலையில் சொல்ல, யாருக்கும் புரியவில்லை. தெருவில் சில வாரம், பிறகு காவல் நிலையம், இல்லம். வீட்டாரைக் கண்டுபிடிக்க முடியாமல், 1987இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் வாழ்ந்த சூ, ஜான் பிரையர்லி தம்பதிக்கு மகனானான். 'லயன்' என்ற பெயரில் 2016இல் திரைப்படமாக வந்த சரூ பிரையர்லியின் கதை இது.

படம் பார்த்தவர்கள் அவர் கணினியில் செயற்கைக்கோள் படத்தைத் துழாவி ஊரைக் கண்டுபிடித்ததையும், 2012இல் பெற்ற தாயைக் கட்டிப்பிடித்ததையும் சொல்லிச் சொல்லி வியப்பார்கள். நமக்குப் பிடித்தது வேறொன்று. அந்த ஆஸ்திரேலியத் தாய், பையன் வந்தபோதே அவன் அறைச் சுவரில் இந்திய வரைபடத்தை மாட்டி வைத்திருந்தார். அவர் என்ன நினைத்திருப்பார்? இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் பையன் அங்கே போய்விடுவானோ என்ற பயம் வராமலா இருந்திருக்கும்? ஆனாலும் மாட்டினார். ஊரைக் கண்டுபிடித்த பிறகுதான் சரூவுக்குத் தன் உண்மையான பெயரே தெரிந்தது. ஷேரு. சிங்கம் என்று பொருள். இத்தனை ஆண்டுகள் தன் பெயரையே தவறாகச் சொல்லி வந்திருக்கிறார். கணேஷ் தலாய் என்ற அந்தச் சிறு பகுதியை விட்டு அவருடைய தாய் போகவே இல்லை, மகன் என்றாவது திரும்பி வந்தால் தேடுவானே என்று.

அந்த வீட்டுக்கு இரண்டாவதாகவும் இந்தியாவிலிருந்து ஒரு பையன் வந்தான், ஏறக்குறைய ஒன்பது வயதில். சட்டச் சிக்கலால் அவன் வருகை நீண்ட காலம் தள்ளிப்போய், அந்த இடைவெளியில் அவன் மிகவும் காயப்பட்டிருந்தான். வந்த பிறகும் அந்தக் காயம் எளிதில் ஆறவில்லை. அந்தப் பெற்றோர் அதை மறைக்கவில்லை. பெரிய பிள்ளையைத் தத்தெடுப்பது இனிப்பான கதை என்று நாம் சொன்னால் அது பொய். அந்த மகனும் அவர்களுக்கு மகன்தான், சரூவைப் போலவே.

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் இதைப் பற்றி யோசித்திருக்கிறது. லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று, 1984 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதானால் கூடியவரை மூன்று வயதுக்குள் கொடுப்பது நல்லது, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால் அதன் விருப்பத்தைக் கேட்டறிவது நல்லது என்றது. இன்று 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் ஆணை பிறப்பிக்கும்போதும் பிள்ளையின் விருப்பத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஆட்சியர் அலுவலகம் கேட்கிறது, பங்குத் தந்தை கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

நினைவில்லாத குழந்தைதான் வேண்டும் என்ற ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2019இல் ராசிபுரத்தில் பச்சிளங்குழந்தைகள் விலைபேசப்பட்டது அம்பலமானது. அதற்கு முன் 2005இல், சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து திருடப்பட்ட பிள்ளைகள் பொய்க் காகிதங்களோடு வெளிநாடுகளுக்குத் தத்து அனுப்பப்பட்டது வெளிவந்தது. வாங்கியவர்களில் பலர் நல்ல எண்ணத்தோடு வாங்கியவர்களே. ஆனால் பழைய பெயரை அழிக்கக் காசு வாங்குகிறவன் எப்போதும் ஒருவன் இருக்கிறான். ஆகவே யாராவது "தெரிந்த நர்ஸ் ஒருவர் இருக்கிறார்" என்று சொன்னால், தயவுசெய்து எழுந்து வந்துவிடுங்கள். கிறிஸ்தவர்களாகிய நமக்கு ஒரு காலத்தில் தத்தெடுக்கச் சட்டமே இல்லை. 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது, பிள்ளை வயதுக்கு வந்ததும் அந்த உறவு காகிதத்தில் முடிந்துவிடும். இப்போது அப்படி இல்லை. வழி திறந்திருக்கிறது. திருச்சபையும் 110ஆம் விதியில், நாட்டுச் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையை அந்தப் பெற்றோரின் பிள்ளையாகவே ஏற்கிறது.

மறுபடி பவுலிடம் வருவோம். "அப்பா" என்ற சொல்லைப் பற்றித்தான் நமக்கு ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் விவிலியத்தில் அதை வாசிக்கும்போது நமக்கு எதுவும் இடறுவதில்லை, நம் வீட்டுச் சொல்லாகவே இருக்கிறது. ஆனால் பவுல் அந்தக் கடிதத்தை எழுதியது கிரேக்க மொழியில். 'அப்பா' அரமேயச் சொல். உரோமையில் அதை வாசிக்கக் கேட்டவர்களில் பலருக்கு அது வேற்று மொழி. தத்துப்பிள்ளைகளான நாம் தந்தையைக் கூப்பிடும் சொல் என்று வந்த இடத்தில், பவுல் அதை மொழிபெயர்த்து மட்டும் விட்டுவிடவில்லை. இயேசு தம் வீட்டில் பேசிய மொழியின் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் கிரேக்கச் சொல்லையும் வைத்தார். இரண்டும் அருகருகே நிற்கின்றன.

எங்கள் சிறுமி புதிய தந்தையைப் பல மாதங்கள் எப்படியும் கூப்பிடவில்லை. சட்டையைப் பிடித்து இழுப்பாள், அவ்வளவுதான். ஒருநாள் மாலை ஷிப்ட் முடிந்து அவர் வண்டியை நிறுத்தும்போது உள்ளேயிருந்து "பாபா" என்று ஒரு குரல். அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டாராம். பாட்டிதான் சமையலறையிலிருந்து, "பாபா இல்லடி, அப்பான்னு சொல்லு" என்று திருத்தினார். மறுநாள் அந்த மனிதர் நம்மிடம் வந்து கேட்டார்: "ஃபாதர், அவ அப்படியே கூப்பிடட்டுமா? தப்பா?"

தப்பில்லை என்றோம். எட்டாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினோம்.

பாஸ்கா திருவிழிப்பில் அவள் திருமுழுக்குப் பெற்றாள். என்ன பெயர் வேண்டும் என்று இந்த முறை அவளிடமே கேட்டோம். தன் பெயரைச் சொன்னாள், கூடவே பாட்டியின் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். இரண்டையும் பதிவேட்டில் எழுதினோம். பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றியபோது, முதல் முறையாக ஆலயத்தில் "ஆமா" என்று உரக்கப் பதில் சொன்னாள். கோவில் முழுவதும் சிரித்தது.

இப்போது ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் இளைஞர்களிடம் ஓடிப்போய் இந்தியில் பேசிவிட்டு வருகிறாள். அந்த அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருக்கிறார். வீட்டில் பாட்டி இன்னும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறாராம்.