கொடுப்பவரே காரணம்!



‘செய்தித்தாளில் கெட்ட செய்தி பெருகக் காரணம் கொடுப்பவரா, படிப்பவரா?’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார் நடுவர். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அழகாகப் பேசினார்கள். “ஆசிரியர் பாவம், என்ன செய்வார்? ஜனங்க கேக்குறாங்க, அவர் கொடுக்கிறார். இட்லி கேட்டா இட்லி, கொலை கேட்டா கொலை” என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். அம்மா, உங்களை ஒன்று கேட்கிறேன். உங்க வீட்டுக்காரர் கேக்குறதைத்தான் தினமும் சமைக்கிறீங்களா? (சிரிப்பு) நீங்கள் சமைத்ததைத்தானே அவர் சாப்பிடுகிறார்? சாப்பிட்டுவிட்டு, ‘நான் கேட்டதே இதைத்தான்’ என்று சொல்லவும் பழகிவிட்டார். (சிரிப்பு, கைதட்டல்)

என் கட்சி, கொடுப்பவரே காரணம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். ஆசிரியருக்குக் கெட்ட செய்தி மேல் ஆசை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் அணித் தலைவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். பயப்படாதீங்க ஐயா, நான் கட்சி மாறவில்லை. அவர் மேல் நான் வைக்கிற குற்றம் வேறு.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது. தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினார். அவ்வளவுதான், என் பாட்டி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்து விட்டாள். யார் செத்தது என்று தெரியாது, அழுகை தயார். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்து விட்டார்கள். தந்தி ஆங்கிலத்தில் இருந்ததால் பள்ளிக்கூட வாத்தியார் வந்துதான் படித்தார். படித்தவர் சிரிக்கிறார்! என் மாமாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்திருக்கிறதாம். (சிரிப்பு) பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “வெக்கம் கெட்டவன்! சந்தோஷச் சேதிக்கு எவனாவது தந்தி கொடுப்பானா? ஒரு கார்டு போட்டா போதாதா?”

பாட்டி சொன்னது பைத்தியக்காரத்தனம் இல்லை. சாவு என்றால் உடனே பஸ் பிடிக்க வேண்டும். கல்யாணம் என்றால் மஞ்சள் தடவிய பத்திரிகை, நாலு வாரம் முன்னால், நிதானமாக வரும். தந்தி என்பது கெட்ட செய்திக்கு இல்லை, திடீர்ச் செய்திக்கு. உலகத்தில் கெட்டது பெரும்பாலும் திடீரென்று வருகிறது. நல்லது மெல்ல வருகிறது. மரம் வளர 40 வருஷம், விழ ஒரு நிமிஷம். 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் ஒரு நாளிதழ் தொடங்கினார். அந்த ஏட்டின் பெயரே ‘தினத்தந்தி’! அஞ்சலுக்கு இல்லை, தந்திக்குத்தான் அங்கே மரியாதை. நாட்டில் தந்திச் சேவையை 2013-ல் மூடிவிட்டார்கள். ஆனால் ஆசிரியர் மேஜையில் இன்றைக்கும் தந்திதான்.

இது என் பாட்டியின் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. 1965-ல் நார்வே நாட்டில் யோஹான் கால்டுங், மாரி ரூக என்ற இருவர் எழுதிய ஆராய்ச்சியிலும் இருக்கிறது. நேற்றைய தாளுக்கும் இன்றைய தாளுக்கும் நடுவிலே தொடங்கி முடிந்துவிடுகிற சம்பவம் சுலபமாகச் செய்தியாகிவிடும். வருஷக் கணக்கில் நடக்கிற காரியம் செய்தியாவது கஷ்டம் என்றார்கள்.

போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ. 2010-ல் 42. 2011-ல் ஒன்றே ஒன்று: ஜனவரி 13-ந் தேதி, மேற்கு வங்காளத்து ஹவுரா பக்கம், ஒரு பெண் குழந்தை. அடுத்த நாள் 14-ந் தேதி என்ன நடந்தது? ஒண்ணும் நடக்கலை. 15-ந் தேதி? ஒண்ணும் நடக்கலை. ஐயா, அந்த ‘ஒண்ணும் நடக்கலை’தான் செய்தி! (கைதட்டல்) இதே தாய்மார்கள் இடுப்பில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று சொட்டு மருந்து ஊற்றி வாங்கிய வெற்றி அது. ஆனால் எந்த ஆசிரியர், ‘நேற்று இந்தியாவில் எந்தக் குழந்தைக்கும் கால் போகவில்லை’ என்று தலைப்புப் போட முடியும்? 2014 மார்ச் 27-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் ஒரு சான்றிதழ் கொடுத்தது. அன்றைக்குத்தான் தேதி கிடைத்தது. தேதி கிடைத்ததும் செய்தியாகி விட்டது.

“அப்போ ஆசிரியர் மேல் குற்றம் என்ன? நல்லது மெதுவாக வந்தால் அவர் என்ன செய்வார்?” என்று எதிரணி கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் நானே சொல்லி விடுகிறேன். மெல்ல வருவது நல்லது மட்டும் இல்லை. பஞ்சமும் மெல்லத்தான் வரும்.

1942-ல் பர்மா ஜப்பான் கையில் விழுந்தது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அக்டோபரில் மிதுனபுரிப் பக்கம் பெரும் புயல். கல்கத்தாவில் அரிசி விலை சில மாதத்தில் இரண்டு மடங்கு தாண்டியது. 1943 முதல் பாதியிலேயே வங்காளத்துக் கிராமங்களில் ஜனங்கள் சாக ஆரம்பித்து விட்டார்கள். ஒரே நாளில் ஆயிரம் பேர் செத்தால் தலைப்புச் செய்தி. ஊருக்கு நாலு பேர், வாரத்துக்கு நாலு பேர் என்று செத்தால்? விலை ஏற்றம் என்று உள்பக்கத்தில் ஒரு மூலை! அதோடு போர்க்காலத் தணிக்கை வேறு. அரசாங்கமோ பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. கிராமத்து ஜனம் நடந்து நடந்து கல்கத்தா வந்து பிளாட்பாரத்தில் விழுந்தார்கள். பத்திரிகை ஆபீசுக்குப் போகிறவர்கள் அவர்களைத் தாண்டித்தான் போனார்கள்.

அப்போது ‘ஸ்டேட்ஸ்மன்’ ஏட்டின் ஆசிரியர் இயான் ஸ்டீஃபன்ஸ். ஆங்கிலேயர். ஏடும் ஆங்கிலேயர் ஏடு. அவர் புகைப்படக்காரரைத் தெருவுக்கு அனுப்பினார். 1943 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை. பிளாட்பாரத்தில் கிடந்த எலும்பும் தோலுமான தாய்களும் குழந்தைகளும் அப்படியே அச்சில் வந்தார்கள். டெல்லி பார்த்தது, லண்டன் பார்த்தது. அதுவரை கிடையவே கிடையாது என்று சொன்ன பஞ்சத்தை, அதற்கப்புறம் யாராலும் மூடி வைக்க முடியவில்லை. அரசாங்க விசாரணைக் குழு செத்தவர்கள் 15 லட்சம் என்றது; பின்னால் ஆராய்ந்தவர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். அந்தப் பஞ்சத்தை ஒன்பது வயதுச் சிறுவனாகக் கண்ணால் பார்த்தவர்தான் அமர்த்தியா சென். ஜனநாயகமும் சுதந்திரமான பத்திரிகையும் இருக்கிற நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்று பிற்காலத்தில் அவர் எழுதினார்.

இப்போது அம்மையாருக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் காபி. எந்த வாசகன் அம்மா, ‘எனக்குப் பட்டினிப் பிணத்தைக் காட்டு’ என்று கேட்டான்? ஒருத்தனும் கேட்கவில்லை. கேட்டதைத்தான் கொடுப்பேன் என்றால் அந்தப் படம் வந்தே இருக்காது. ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து, இதைப் போடு என்றார். வந்தது. அதே நாற்காலி முந்தின மேயில், ஜூனில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் என் வழக்கு. (பலத்த கைதட்டல்)

அந்த நாற்காலிக்கு அமெரிக்காவில் ‘வாயிற்காவலன்’ என்று பெயர் வைத்தார்கள். டேவிட் மானிங் ஒயிட் என்பவர் 1949 பிப்ரவரியில், ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையில் தந்திச் செய்திகளைத் தேர்ந்தெடுக்கிற ஆசிரியரிடம், ‘ஒரு வாரம் நீங்கள் தள்ளுகிற ஒவ்வொரு செய்தியிலும் காரணத்தை எழுதி வையுங்கள்’ என்று கேட்டுக்கொண்டார். வந்ததில் பத்தில் ஒரு பங்குதான் அச்சுக்குப் போனது; மிச்சம் குப்பைக்கூடை. எழுதிய காரணம் பெரும்பாலும் ‘இடமில்லை’. தற்கொலைச் செய்தி தனக்குப் பிடிக்காது என்றும் எழுதினார். வாசகன் கேட்கவில்லை என்றா? இல்லை. தனக்குப் பிடிக்காதாம்!

வாயிற்காவலன் என்ற சொல்லைப் படித்ததும் தமிழ் வாத்தியார் எனக்கு எங்கே போகும் மனசு? மதுரைக்குத்தான். சிலப்பதிகாரத்தில் பாண்டியனிடம் இரண்டு பேர் செய்தி கொண்டு வருகிறார்கள். முதல் ஆள் பொற்கொல்லன். ராணி ஊடலில் போய்விட்டாள், சமாதானம் செய்ய மன்னன் போகிறான். அந்த அவசரத்தில் வாசலிலேயே மடக்கி, ‘சிலம்பு திருடியவன் அகப்பட்டான்’ என்கிறான். மன்னனுக்கு அது நல்ல செய்தி! சுடச்சுட வந்த செய்தி! விசாரிக்கவில்லை, கோவலன் தலை போனது. இரண்டாம் ஆள், அரண்மனை வாயிலோன். ஒரு பெண் நிற்கிறாள். கொற்றவையோ, காளியோ என்று பயப்படும்படி நிற்கிறாள். கையில் ஒற்றைச் சிலம்பு, கணவனை இழந்தவள். ராஜா காதுக்கு இனிக்கிற சேதியா இது? ‘அரசர் அலுவலாக இருக்கிறார், நாளைக்கு வாம்மா’ என்று அவன் சொல்லியிருக்கலாம். இடமில்லை என்று எழுதியிருக்கலாம். அவன் உள்ளே போய், பார்த்தது பார்த்தபடி ஒன்று விடாமல் சொன்னான். தப்பான நல்ல செய்தியைச் சொன்னவனையும், நிஜமான கெட்ட செய்தியைச் சொன்னவனையும் இளங்கோவடிகள் ஒரே அரண்மனையில் நிறுத்திக் காட்டுகிறார். அவன் பெயரைக் கூட அவர் சொல்லவில்லை. வாயிலோன், அவ்வளவுதான்.

நடுவர் மணியைத் தொட்டு விட்டார். அவரும் வாயிற்காவலர்தானே? நான் எழுதிக்கொண்டு வந்ததில் பத்தில் ஒன்பது பங்கு, ‘இடமில்லை’ என்று என் பையிலேயே வீட்டுக்குத் திரும்புகிறது. (சிரிப்பு) அதைக் கேட்பதற்கு என் மனைவி இருக்கிறாள். அவள்தான் கேட்கமாட்டேன் என்கிறாள். (கைதட்டல்)