கற்கும் பருவமும் உடல் உறுதியும்



புறநானூற்றின் 243ஆம் பாடல் ஒரு முதியவரின் நினைவைச் சொல்வது. கோலூன்றி, உடல் நடுங்க, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் அவர், தம் இளமையை எண்ணி ஏங்குகிறார். அன்று நீர்த்துறை மருதமரத்தின் கிளையேறி, கரையில் நின்றோர் வியக்க ஆழ்நீரில் குதித்து, அடிமணலை அள்ளி வந்தவர் அவர். ஊன்றிய கோலே அவருக்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் பெயரைத் தந்தது. அவருடைய ஆற்றலை முதுமை பறித்தது. இக்கால மாணவர் பலரோ, பதினைந்து வயதிலேயே அதனைத் தாமே கைவிட்டு விடுகின்றனர்.

இது மிகையுரையன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து, 2019ஆம் ஆண்டு ஓர் ஆய்வினை வெளியிட்டனர். 11 முதல் 17 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 81 பேர் 2016ஆம் ஆண்டில் போதிய உடலியக்கம் இன்றி இருந்தனர் என்பது அதன் முடிவு. ஆண்பிள்ளைகளில் 78 விழுக்காடு. பெண்பிள்ளைகளில் 85 விழுக்காடு.

உடல் உறுதி என்பது பருத்த தசைகளைக் காட்டுவதன்று. பதக்கம் வெல்வதும் அன்று. அன்றாடக் கடமைகளைச் சோர்வின்றி முடித்த பின்னும், விளையாடவும் இடர்வரின் எதிர்கொள்ளவும் ஆற்றல் எஞ்சியிருத்தலே உடல் உறுதி. இதற்கு ஐந்து கூறுகள் உண்டு. நெடுநேரம் இயங்க இதயமும் நுரையீரலும் தரும் தாங்குதிறன், தசையின் வலிமை, தசை விரைவில் களைக்காத தன்மை, மூட்டுகளின் நெகிழ்வு, உடலில் கொழுப்பு அளவோடு இருத்தல் என்பன அவை. நம் ஊர்களின் விளையாட்டுகளில் இவை இயல்பாகவே அமைந்திருந்தன. சடுகுடு மூச்சையும் வலிமையையும் வளர்த்தது. நொண்டி காலை உரமாக்கியது. கிளித்தட்டு விரைந்து திரும்பப் பழக்கியது. இளவட்டக்கல் முதுகையும் தோளையும் சோதித்தது.

பயிற்சியால் உடலுள் நிகழும் மாற்றத்தை ஒரு சிறு கணக்கால் உணரலாம். பழகிய இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியைச் செலுத்தும். ஆகவே ஓய்வு வேளையில் அது குறைவாகத் துடித்தாலே போதும். நிமிடத்திற்கு 70 துடிப்பு 60 ஆகக் குறையுமாயின், ஒரு நாளைக்கு 14,400 துடிப்புகள் மிச்சம்! இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் ஆராய்ந்து, 1953இல் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிட, படியேறி இறங்கிய நடத்துநரிடம் இதய நோய் குறைவாக இருந்தது. ஓட்டமும் தாண்டலும் எலும்பையும் உறுதியாக்கும். வாழ்நாள் முழுமைக்கும் வேண்டிய எலும்பு வன்மையின் பெரும்பகுதி வளரும் பருவத்திலேயே சேர்கிறது. பருவமெய்தியதும் பெண்பிள்ளையை ஆடுகளத்திலிருந்து விலக்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவளுடைய முதுமைக்கான சேமிப்பு அல்லவா தடைப்படுகிறது!

"விளையாடினால் படிப்புக் கெடும்" என்பது பெற்றோர் பலரின் அச்சம். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால், விளையாட்டு வேளை கணக்குப் பாட வேளையாக மாறிவிடுகிறது. மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் ஓய்வு வேளையில் உடல் கொள்ளும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 விழுக்காடு அதற்கே செல்கிறது. குருதியோட்டம் சீராக அமைந்தவனுக்கு மனம் ஒருமுகப்படுகிறது, உறக்கம் ஆழ்ந்து வருகிறது, தேர்வச்சமும் தணிகிறது. ஹாரி குரோ பக் 1920ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நூற்றாண்டு கடந்த கல்வித்துறை ஒன்றினைப் பாட அட்டவணையில் மட்டும் வைத்துக்கொண்டு, மைதானத்தில் மறுப்பது முறையாகுமா?

நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு விரையும் அளவிற்கு இயங்குதல் மாணவர்க்கு வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளேனும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வகுத்துரைத்தது. அந்த 60 நிமிடத்தைப் பகுத்தும் கொள்ளலாம். பள்ளிக்கு விரைந்து நடத்தலும் மிதிவண்டி மிதித்தலும் அதில் சேரும். மாலையில் ஓட்டம் அல்லது பந்தாட்டம், தண்டால், பஸ்கி, இறுதியில் சில ஆசனங்கள் என அமைத்துக் கொள்க. முதலில் உடலை மெல்ல இளக்குக. நாள்தோறும் சிறிது சிறிதாகவே அளவைக் கூட்டுக. காய்ச்சல் கண்டால் ஓய்வு கொள்க. மூச்சிரைப்பு, இதயக் குறை உடையோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. கேழ்வரகு, பயறு, கீரை, நிலக்கடலை போன்ற எளிய உணவும், எட்டு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கமும் இருந்தாலன்றிப் பயிற்சி பயன் தாராது. திருக்குறளின் "மருந்து" அதிகாரம் மூலிகைகளின் பெயரைப் பட்டியலிடாமல் அளவறிந்து உண்ணலையே வலியுறுத்துவது கருதத்தக்கது.

உடற்பயிற்சி செய்தவர்க்கும் முதுமை வரும். ஆயினும் சங்கப் புலவர் நினைந்து ஏங்குவதற்கு ஓர் ஆழ்குளமும், அதில் குதித்த இளமையும் இருந்தன. இன்று பத்தாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் அத்தகைய நினைவொன்று வேண்டும். அதனை வழங்கும் பொறுப்பு பெற்றோரையும் ஆசிரியரையும் சார்ந்தது. நாளை மாலை ஒரு மணி நேரம் மைதானத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்து விடுவதே அதன் தொடக்கமாகட்டும்.