கோப்பி பிறந்த நாடு

(அக்கரப்பத்தனையில் தோட்டக் குடும்பங்கள் மத்தியில் பேசியது)



வெளிநாட்டு வேலைக்குப் போய் வந்த நம்ம பிள்ளைகள், "பக்கத்து வீட்டில ஒரு எத்தியோப்பியாக்காரி வேலை செஞ்சா" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். உடனே நாம், "அங்க எல்லாம் பஞ்சம்தானே" என்று சிரிக்கிறோம். 1984, 85 இல் அங்கே பெரும் பஞ்சம் வந்தது உண்மை. 1973, 74 இல் நம்ம தோட்டங்களிலும் பட்டினிச் சாவு நடந்ததே! அதை மட்டும் வைத்து யாராவது நம்மை அளந்தால் ஏற்போமா?

எத்தியோப்பியா ஆபிரிக்காவின் வடகிழக்கில் இருக்கிற மலைநாடு. நம்ம நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அவர்களுடைய தலைநகர் அடிஸ் அபாபா சுமார் 2,350 மீற்றர். அங்கே போகிறவர் கம்பளிச் சட்டை கொண்டு போகத்தான் வேண்டும். 1896 இல் அத்வா என்ற இடத்தில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த மக்கள் அவர்கள். சொந்த எழுத்தும் உண்டு, சொந்த நாட்காட்டியும் உண்டு. 30 நாளாக 12 மாதம். மிச்சம் 5 அல்லது 6 நாளுக்கு 13 ஆவது மாதம்!

சாப்பாடு நமக்குப் பழகினதுதான். டெஃப் என்ற பொடித் தானியத்தின் மாவைக் கரைத்து, சில நாள் புளிக்க வைத்து, பெரிய கல்லில் ஊற்றினால் இஞ்ஜெரா. தோசை மாதிரி; ஆனால் திருப்பிப் போடுவதில்லை. அதன்மேல் பருப்புக்கறி, காரமான கோழிக்கறி. ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து வலது கையால் சாப்பிடுவார்கள். பிரியப்பட்டவர் வாயில் ஒரு கவளம் ஊட்டுவார்கள். அதற்குக் குர்ஷா என்று பெயர். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அங்குள்ள மரபுவழிக் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளியில் மச்சம் தொடமாட்டார்கள். நம்ம வீட்டு வெள்ளிக்கிழமை போலத்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அந்த நாட்டின் தென்மேற்குக் காட்டில் தானாக முளைத்த செடிதான் கோப்பி. அது பல நாடு சுற்றி இலங்கைக்கு வந்தது. அந்தக் கோப்பித் தோட்டங்களுக்காகத்தான் வெள்ளைக்காரர் நம்ம முன்னோரைத் தமிழகத்திலிருந்து கூட்டி வந்தார்கள். மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். வழியில் செத்தவர்கள் எத்தனையோ பேர். 1869 இல் கோப்பியில் இலைநோய் கண்டது. தோட்டங்கள் அழிந்தன. அதற்குப் பிறகுதான் மலையெங்கும் தேயிலை. ஆக, அந்தச் செடி இல்லாவிட்டால் நாம் இந்த மலையில் இல்லை.

எத்தியோப்பியர் வீட்டுக்குப் போனால் பச்சைக் கொட்டையைக் கழுவி, நம்ம கண்முன்னே வறுத்து, இடித்து, மண் கூசாவில் காய்ச்சி மூன்று தடவை ஊற்றுவார்கள். மூன்றாவது கோப்பை ஆசீர்வாதம். அதற்கு முன் எழும்பக் கூடாது. அங்கே விளைகிற கோப்பியில் ஏறக்குறைய பாதியை அவர்களே குடிக்கிறார்கள். நாமோ கொழுந்தைப் பறித்துக் கொடுத்துவிட்டு, தேத்தண்ணியை நின்றபடி குடித்துவிட்டு ஓடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமையாவது குடும்பமாக உட்கார்ந்து குடியுங்கள். முதல் கோப்பையைக் கொழுந்து பறித்த கைக்குக் கொடுங்கள். பாட்டன் பாட்டி நடந்து வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வேலைக்குப் போகிற பிள்ளைகள் அங்கே ஓர் எத்தியோப்பியப் பெண்ணைக் கண்டால், ஒதுக்காமல் பக்கத்தில் உட்காரட்டும். அவளும் நம்மைப் போல ஒரு மலைநாட்டுப் பிள்ளைதான்.