கல் தோரணமும் வழிகாட்டியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் மடவளையிலிருந்து வத்துகாமம், பன்விலை வழியாகச் சென்றால் தும்பறை மலைத்தொடரை அடையலாம். மடக்கிய கைவிரல் முட்டிகளைப் போலச் சிகரங்கள் தோன்றுவதால் ஆங்கிலேயர் அதனை நக்கிள்ஸ் என்றனர். 2010 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற மலை அது. கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் சங்கத்து வாலிபர் அறுவர் அங்கே சென்றோம். உள்ளே ஒரு கல் வளைவு இருப்பதாக யாரோ சொன்னதை நம்பி, பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கினோம். சிறிது நேரத்தில் மூடுபனி சூழ்ந்தது. வளைவையும் காணோம், வந்த வழியையும் காணோம். அட்டைக்கடிதான் மிச்சம்.

மாடு தேடி வந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் கூச்சல் கேட்டு வந்தார். "தம்பிமாரே, பனி எறங்குனா நின்ன எடத்துலயே நிக்கணும். நடக்க நடக்கத்தான் வழி தப்பும்" என்றார். ஓடையின் ஓசையைக் குறியாகக் கொண்டு எங்களைத் தேயிலை மலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். காசு கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார்.

வீடு திரும்பியதும் கல் வளைவுகளைப் பற்றிப் படிக்கலானோம். திருமலையில், வேங்கடவன் கோயிலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவில், சக்கர தீர்த்தத்தின் அருகே சிலாதோரணம் நிற்கிறது. 8 மீற்றர் அகலமும் 3 மீற்றர் உயரமும் உடையது. அதன் பாறை நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலான பழமை வாய்ந்தது. மழையும் காற்றும் மென்மையான பகுதிகளை அரித்தெடுக்க, கடினமான பகுதி தோரணமாய் எஞ்சியது. சிற்பி எவரும் உளி பிடிக்கவில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைநிலத்தில் இதனினும் மிகப் பெரிய வளைவு ஒன்று உண்டு. வானவில் பாலம் என்பது அதன் பெயர். உயரம் ஏறத்தாழ 290 அடி. ஓர் ஓடை மணற்பாறையைத் துளைத்து அதை உண்டாக்கியது. 1909 ஓகஸ்ட் 14 ஆம் திகதி, பேராசிரியர் கம்மிங்ஸ், நில அளவையாளர் டக்ளஸ் ஆகியோரின் குழுவினர் பாதையற்ற பள்ளத்தாக்குகளைக் கடந்து அங்கே சேர்ந்தனர். கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்று பின்னர் வழக்காடினர். ஆனால் அவர்களை அழைத்துச் சென்றவர்கள் நஷ்ஜா பெகே, ஜிம் மைக் என்னும் பழங்குடி மக்கள். அவர்களுடைய இனத்தார் அதைத் தலைமுறை தலைமுறையாக அறிவர், புனிதமாகப் போற்றுவர். அவ்விருவர் பெயரையும் பொறித்த பலகைகள் காலந்தாழ்த்தியே அங்கு வைக்கப்பட்டன. வளைவின் கீழே நடந்து செல்லாதீர்கள் என்று இன்று வருவோரைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

இதைப் படித்தபோது எங்களுக்கு வெட்கமாயிற்று. இந்த மலருக்கென நாங்கள் எழுதிய பயணக் குறிப்பில் அறுவர் பெயரும் வரிசையாக இருந்தன. எங்களை மீட்டவர் பெயர் இல்லை. காசை நீட்டத் தெரிந்த எங்களுக்கு, "தாத்தா, உங்கள் பெயரென்ன?" என்று கேட்கத் தெரியவில்லை. பள்ளியில் கண்டுபிடித்தவர்களின் பெயர்களை மனப்பாடம் செய்தோம். வழிகாட்டியவர்களைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை, பிறரும் சொல்லவில்லை.

ஆகவே அந்தக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்கவில்லை. தைப்பொங்கலுக்கு முன் அறுவரும் அத்தோட்டத்திற்குச் சென்று, அவரைத் தேடிக் கண்டு, பெயரைக் கேட்டு வருவதென்று தீர்மானித்திருக்கிறோம். இம்முறை பாதையை விட்டு விலக மாட்டோம்.