பாலம் நகர்த்தலும் பைந்தமிழ்ச் சொல்லும்

(சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



ஆற்றிடையே சாரங்கட்டி, பாலத்தை அங்கேயே கட்டி முடிப்பது பழைய முறை. இற்றைநாளில் பாலத்தை வேறோரிடத்தில் முழுமையாகப் புனைந்து, நகர்த்திக் கொணர்ந்து தூண்மேல் அமர்த்துவதும் உண்டு. இதனை முன்புனை பாலம் எனலாம். தரையில் இதனைச் சுமப்பது பல்லச்சூர்தி. அதன் அச்சுகளுக்கு நீரியல் தூக்கிகள் உண்டு. தரை மேடுபள்ளமாயினும் அவை ஏறியிறங்கிச் சுமை சாயாமற் காக்கும். உருளிகள் தனித்தனியே திரும்புவதால் ஊர்தி பக்கவாட்டிலும் செல்லும். நின்ற இடத்திலேயே சுழலும். பன்னாள் வழியடைத்துச் செய்யும் வேலை ஓரிரவில் முடிவதும் உண்டு.

கடல்மேல் ஊர்திக்கு வழியேது? ஆங்கு வேறு முறை. தூத்துக்குடிக்கு வடகிழக்கே, இதே மன்னார் வளைகுடாவின் தலைமாட்டில், பாம்பனில் அது நிகழ்ந்தது. 1914-இல் திறந்த பழைய தொடர்வண்டிப் பாலத்தின் நடுக்கண், இரண்டு இறக்கைகளாய்ப் பிரிந்தெழுந்து கலங்களுக்கு வழிவிட்டது. அருகே எழுந்த புதிய பாலத்தின் தூக்குக்கண் 72.5 மீட்டர் நீளம். ஏறத்தாழ 660 தொன் எடை. எஃகுப் பகுதிகளைப் பாலத்தின் ஒரு முனையிற் கோத்து, முன்னரே அமைந்த கண்களின்மேல் சிறிது சிறிதாக நகர்த்தி, 2024-இல் உரிய இடத்திற் சேர்த்தனர். பாலவழி வளைந்து செல்வதால் அப்பணி பல திங்கள் நீண்டது. 2025 ஏப்பிரல் 6-இல் பாலம் திறக்கப்பெற்றது. அத்தூக்குக்கண் 17 மீட்டர் நேராக மேலெழ வல்லது.

இத்தகைய பணியிற் சுமையை நகர்த்துவது பொறி. பொறியை நகர்த்துவது சொல். எழுப்பு, நிறுத்து, இறக்கு என்னும் ஏவல்களுள் ஒன்று பிறழினும் உயிர் போகும். முத்துக்கரை இவ்வுண்மையை நன்கறியும். கல்லைப் பற்றி மூழ்கியவன் உயிர், படகிற் கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. கீழிருந்தவன் கயிற்றை அசைத்தான், மேலிருந்தவன் இழுத்தான். குறி இருவர்க்கும் பொதுவாயிருந்தது. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. அது புகட்டிய பாடம் நின்றுவிடலாகாது.

இன்றோ பொறியாளன் ஆங்கிலத்திற் கற்கிறான். வடம் பிடிக்குந் தொழிலாளி தமிழில் வாழ்கிறான். இருவர்க்குமிடையே அரைகுறை ஆங்கிலம் நிற்கிறது. தமிழிற் சொல்லில்லை என்பார் சிலர். கண் என்னுஞ் சொல்லொன்றே அவர்க்கு விடை! ஏழுகண் மதகு, பத்துக்கண் பாலம் என்று ஊர்மக்கள் நாவில் வழங்கும் அச்சொல், வகுப்பறையில் 'ஸ்பான்' ஆகிவிடுகின்றது. வடம், நெம்புகோல், ஆப்பு, முட்டு, உருளை, தாங்கி ஆகிய யாவும் கைக்கெட்டிய சொற்களே. இக்கரையின் கட்டுமரத்தை ஆங்கிலமே கடன்கொண்டது. கடன் கொடுத்தவன் கையேந்துவதா?

1906-இல் தூத்துக்குடியிற் கப்பற் கழகங் கண்ட வ.உ.சிதம்பரனார், தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார். கப்பலும் இலக்கணமும் ஒருவர் கையில் இணைந்தன. துறைமுகம் இன்று அவர் பெயரைத் தாங்குகின்றது. அவர் வழியையுந் தாங்க வேண்டாவா?

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கியது. அத்தொடக்கம் தழைக்க வேண்டும். துறைமுகத்திலும் பட்டறையிலும் வழங்குஞ் சொற்களை இளைஞர் தொகுக்க! பாடநூலார் அவற்றை ஏற்க! தமிழ்மண்ணில் சுமை தூக்கும் பணியிடந்தோறும் ஏவற்சொல்லும் எச்சரிக்கைப் பலகையும் தமிழில் அமைக! அது மொழிக்குக் காப்பு. தொழிலாளி உயிர்க்கும் காப்பு.

வெல்க தமிழ்!