ரசிகர் செய்யும் காரியம்

படக்கதை, விஞ்ஞானக் கற்பனைக் கதை, பங்க் இசை ஆகிய மூன்றிலும் பற்றுடையவன் என்று ஒருவர் தம்மைச் சொல்லிக்கொண்டால், கேட்பவர் முதலில் அவருடைய வயதைத்தான் விசாரிப்பர். பதினாறு என்றால் மன்னித்துவிடுவர். நாற்பதைக் கடந்தவர் என்றால் புன்னகை புரிவர். படக்கதை குழந்தைகளுக்கு உரியது, விஞ்ஞானக் கதை வேலையற்றோர் காணும் கனவு, பங்க் என்பதோ வெறுங் கூச்சல். இதுவே நம்மில் பலருடைய தீர்ப்பு. நாற்பதைக் கடந்தும் இம்மூன்றையும் கைவிடாதவன் என்ற முறையில், அந்தத் தீர்ப்பை மறுபடியும் ஆராய வேண்டும் என்று நேயர்களிடம் விண்ணப்பித்துக் கொள்கிறேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை. ஒன்று கண்ணுக்கு, ஒன்று சிந்தைக்கு, ஒன்று செவிக்கு. ஆயினும் இம்மூன்றுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இத்துறைகளில் ரசிகர் என்பவர் கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறவர் அல்லர். அவர் எழுதத் தொடங்குகிறார், அச்சிடத் தொடங்குகிறார், பாடத் தொடங்குகிறார், சேர்த்து வைக்கத் தொடங்குகிறார். ரசனை இங்கே செயலாக மாறுகிறது. இதனை வரலாறு கொண்டே காட்டலாம்.

1926ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹியூகோ ஜெர்ன்ஸ்பேக் என்பவர் விஞ்ஞானக் கதைகளுக்கென்றே 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். வாசகர் கடிதங்களை வெளியிடும்போது எழுதியவர்களின் முகவரிகளையும் அவர் சேர்த்தே அச்சிட்டார். சிறிய செயல்தான், ஆனால் அதன் விளைவு பெரிது. வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே இருந்த வாசகர்கள் தமக்குள் கடிதம் எழுதிக்கொள்ளலாயினர். 1930இல் சிகாகோ நகர அன்பர்கள் தாமே ஒரு சிற்றேடு வெளியிட்டனர். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் செய்து, தபாலில் அனுப்பப்படும் இத்தகைய ஏடுகள் பின்னர் ரசிகர் ஏடுகள் என்று பெயர் பெற்றன.

கிளீவ்லாந்து நகரில் பள்ளி மாணவர் இருவர் அத்தகைய ஏடு ஒன்றை நடத்தினர். ஒருவர் எழுதுவார்; மற்றவர் வரைவார். 1933இல் அதில் 'சூப்பர்மேன்' என்ற பெயருடைய பாத்திரம் ஒன்று முதன்முதலாகத் தோன்றியது. அப்போது அவன் நாயகனல்லன், கொடியவன். ஐந்தாண்டுகள் கழித்து, 1938இல், அதே பெயர் நல்லவன் ஒருவனுக்குச் சூட்டப்பட்டுப் படக்கதை ஏட்டில் வெளியாயிற்று. ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் அவ்விருவரும் அதன் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டனர் என்பது வருந்தத்தக்க செய்தி. எனினும் விஞ்ஞானக் கதை ரசிகரின் மேசையிலிருந்தே அமெரிக்க வீர சாகசப் படக்கதை பிறந்தது என்பதை எவரும் மறுக்க இயலாது.

இசைக்கு வருவோம். 1976ஆம் ஆண்டில் லண்டனில் வங்கி எழுத்தர் ஒருவர், மார்க் பெர்ரி என்பவர், புதிதாக எழுந்த பங்க் இசையைப் பற்றித் தட்டெழுத்தில் ஓர் ஏடு தயாரித்து, ஜெராக்ஸ் பிரதிகளாக விற்றார். அதன் பெயர் 'ஸ்னிஃபின் க்ளூ'. பிழைகள் நிறைந்தது, அடித்தல் திருத்தல்கள் அப்படியே இருக்கும். பங்க் இசையும் அத்தகையதே. பல்லாண்டுப் பயிற்சி பெற்ற பின்னரே மேடை ஏறலாம் என்ற நியதியை அது ஏற்கவில்லை. கித்தாரில் இரண்டு மூன்று கூட்டுச் சுரங்கள் தெரிந்தால் போதும், சொல்லவேண்டியது நெஞ்சில் இருந்தால் போதும், பாடத் தொடங்கலாம் என்றது. சங்கீதத்தைத் தவமாகக் கருதும் நமக்கு இது அபசாரமாகத் தோன்றலாம். ஆனால் பஜனை மடத்திலும் கும்மியிலும் நம் முன்னோர் பாடியதும், தேர்ச்சி பெற்ற பிறகுதான் வாய் திறக்கலாம் என்ற நிபந்தனையின் பேரில் அன்று.

மூன்று நீரோடைகளும் ஒரே இடத்தில் கலந்ததும் உண்டு. 1981இல் கலிபோர்னியாவில் எர்னாண்டஸ் சகோதரர்கள் 'லவ் அண்ட் ராக்கெட்ஸ்' என்ற படக்கதையைத் தம் செலவிலேயே அச்சிட்டனர். அதில் பங்க் இசையில் மூழ்கிய இளம் பெண்களும் உண்டு. விண்வெளிக் கலங்களும் உண்டு. அதே பத்தாண்டில் விஞ்ஞானக் கதையின் ஒரு கிளை 'சைபர்பங்க்' என்று பெயர் பெற்றது. 1984இல் வெளிவந்த வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' அதற்குத் தலைசிறந்த சான்று.

இவையெல்லாம் அந்நிய நாட்டுச் செய்திகள், நமக்கு இவற்றால் என்ன என்று கேட்கலாம். கிடர்பூரில் இருந்துகொண்டு அப்படிக் கேட்பது பொருந்தாது. இது துறைமுகப் பேட்டை. இங்குள்ள கப்பல் துறைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்தவை. வெளிநாட்டுக் கடிகாரமும் வானொலிப் பெட்டியும் ஒலிநாடாக் கருவியும் தேடி நகரமே வந்த ஃபேன்சி மார்க்கெட் இங்கேதான் இருக்கிறது. மதுசூதன் தத்தர் முதலிய கவிஞர் மூவர் வாழ்ந்ததால் 'கவிதீர்த்தம்' என்ற பெயரும் இவ்விடத்துக்கு உண்டு. மேலைக் காப்பிய நெறியை வங்காளத்தில் புகுத்திப் புதுமை செய்தவர் மதுசூதனர். கடல் கடந்து வந்ததைத் தன்னுடையதாக்கிக் கொள்ளும் கலை கல்கத்தாவுக்குப் பழக்கமானது.

வங்காள விஞ்ஞானக் கதையின் தொடக்கமே சுவையானது. 1896இல் தலைக்குத் தடவும் 'குந்தலீன்' என்னும் தைலத்தைத் தயாரித்தவர்கள் சிறுகதைப் போட்டி ஒன்று நடத்தினர். கதையில் அத்தைலத்தின் பெயர் இடம்பெற வேண்டும். பரிசு பெற்ற கதையில், கல்கத்தாவை நோக்கி வந்த பெரும் புயல் திடீரென மறைந்துவிடுகிறது. கப்பலில் சென்ற ஒருவர் கொந்தளிக்கும் கடலில் ஒரு புட்டி தைலத்தை ஊற்றியதே காரணம்! எண்ணெய்ப் படலம் அலையை அடக்கும் என்ற பௌதிக உண்மையின் மீது எழுந்த வேடிக்கை இது. எழுதியவர் வேறு யாருமல்லர். ஜகதீச சந்திர போஸ். உலகம் போற்றிய விஞ்ஞானி இத்தகைய விளையாட்டைத் தமக்கு இழுக்கு என்று எண்ணவில்லை. 1921இல் அக்கதையை விரிவாக்கித் தம் கட்டுரைத் தொகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார்.

எனினும் இந்நகரில் ரசிகர் என்ற சொல்லுக்கு முழு இலக்கணமாக விளங்கியவர் அத்ரீஷ் பர்தன். 1963இல் அவர் 'ஆஷ்சர்ஜோ', அதாவது வியப்பு, என்னும் மாத இதழைத் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே இந்திய மொழிகளில் எழுந்த முதற் பத்திரிகையாக அது கருதப்படுகிறது. பிரேமேந்திர மித்ரரும் சத்தியஜித் ராயும் அதற்குத் துணை நின்றனர். 1966இல் விஞ்ஞானக் கதைப் படங்களைத் திரையிட்டுக் காண்பதற்கென ஒரு சங்கம் அமைந்தது. ராய் தலைவர், பர்தன் செயலாளர். அதே ஆண்டில் 'பச்சை மனிதர்' என்று பொருள்படும் தலைப்பில் நான்கு எழுத்தாளர் சேர்ந்து புனைந்த கதையைக் கல்கத்தா வானொலி ஒலிபரப்பிற்று. அந்நால்வரில் ராயும் பர்தனும் இருந்தனர்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு அவரிடம் தனி மதிப்பு உண்டு. ஜூல்ஸ் வெர்னின் நூல்களையும் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளையும் வங்காளியில் பெயர்த்தவர் அவர். இவ்வகை இலக்கியத்துக்குக் 'கல்பவிஞ்ஞானம்' என்ற சொல்லை ஆக்கித் தந்தவரும் அவரே. அகராதியைப் புரட்டி உருவாக்கிய சொற்கள் பல கோப்புகளுக்குள்ளேயே உறங்கிவிடுவதை நாள்தோறும் காண்கிறேன். இந்தச் சொல்லோ வாசகர் நாவில் நிலைத்துவிட்டது. தேவையை உணர்ந்தவர் ஆக்கும் சொல்லுக்கே அந்த உயிர் உண்டு. இதழ் 1972இல் நின்றது. பர்தன் 2019இல் காலமானார். சொல் வாழ்கிறது.

படக்கதையில் இதற்கு இணையான பெயர் நாராயண் தேவ்நாத். கிடர்பூருக்கு நேர் எதிரே, ஹூக்ளி நதியின் மறுகரையில் உள்ள சிப்பூரில் பிறந்து வாழ்ந்தவர். 1962இல் 'ஹாந்தா போந்தா', 1965இல் 'பான்ட்டுல்', 1969இல் 'நொண்ட்டே ஃபொண்ட்டே' என அவர் படைத்த பாத்திரங்கள் மூன்று தலைமுறை வங்காளக் குழந்தைகளின் தோழர்களாயினர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தும் சித்திரமும் தாமே செய்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது வந்தபோது அவருக்கு வயது தொண்ணூற்றைந்து. மறு ஆண்டு மறைந்தார். குழந்தைகள் முதல் இதழிலேயே கண்டுகொண்ட மேதையைப் பெரியவர்கள் கண்டுகொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பங்க் இசை லண்டனில் ஓங்கி ஒலித்த அதே 1977ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் ஒரு புதிய குரல் இசைத்தட்டில் வந்தது. கௌதம் சட்டோபாத்யாயரும் நண்பர்களும் அமைத்த 'மொஹீனேர் கோடாகுலி', அதாவது 'மஹீனின் குதிரைகள்', என்னும் குழு அது. பாவுல் பாட்டும் மேனாட்டு ராக் இசையும் அதில் கலந்திருந்தன. அதனைப் பங்க் என்று கூறுவது முறையாகாது. ஆனால் திரைப்பாட்டின் இனிமைக்கு அடங்காமல் நகரத்தின் அன்றாடத்தைப் பாடவேண்டும் என்ற துணிவில் இரண்டும் உறவுடையவை. 1978இல் வந்த அவர்களது இரண்டாம் தட்டின் பெயர் 'அறியப்படாத பறக்கும் பொருள்' என்று பொருள்படும். விஞ்ஞானக் கதையின் வாசனை அங்கும் உண்டு. அக்காலத்தில் அத்தட்டுகள் அதிகம் விற்கவில்லை. 1981 அளவில் குழு கலைந்தது. 1990களில் கல்லூரி இளைஞர்கள் அப்பாடல்களை மீண்டும் பாடத் தொடங்க, அவை புத்துயிர் பெற்றன. அவற்றைக் காப்பாற்றியது சந்தை அன்று, ரசிகர்களே.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த மனிதன், 1962இல் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் பிறந்தவன். அவனுக்குச் சூட்டிய தமிழ்ப் பெயரே ஒரு நல்ல மொழிபெயர்ப்பு. மூலப் பெயர் அவனது இரும்பு நகத்தை மட்டுமே சுட்டும். தமிழோ மறைந்து உலவும் மாயத்தையும் சேர்த்துக் கூறிவிடுகிறது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. இன்று அவை முன்பணச் சந்தா செலுத்தும் வாசகர்களின் துணையால் நடைபெறுகின்றன. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவில் அவ்வாசகர்கள் கூடுகிறார்கள். நரைத்த தலைகள் அங்கு மிகுதி.

எல்லாம் நல்லவையே என்று வாதிடுவது என் நோக்கமன்று. விஞ்ஞானக் கதையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மட்டம் என்று 1950களில் குறை கூறப்பட்டபோது, எத்துறையிலும் அந்த விகிதமே என்று தியோடர் ஸ்டர்ஜன் என்ற எழுத்தாளர் விடையிறுத்தார். இனவெறுப்பும் பெண்களை இழிவுபடுத்தும் போக்கும் பழைய படக்கதைகளில் உண்டு. காடுவாழ் மக்களுக்கு வெள்ளையன் ஒருவனே காவலன் என்று காட்டும் கதைகளை நாமும் விரும்பிப் படித்தோம். ஆனால் இக்குறைகளைப் பக்கம் காட்டி எடுத்துரைக்கக் கூடியவர், அவற்றை நூறு முறை படித்த ரசிகரே. படிக்காமலே ஒதுக்குபவர் குறையையும் அறியார், நிறையையும் அறியார்.

இறுதியாக ஒன்று. இவை யாவும் மலிவான தாளில் அச்சானவை. கல்கத்தாவின் ஈரக் காற்றும் இராமபாணப் பூச்சியும் அவற்றை விரைவில் தின்றுவிடும். கிடர்பூரிலிருந்து நடக்கும் தொலைவில் பெல்வெடேர் மாளிகை வளாகத்தில் தேசிய நூலகம் இருக்கிறது. அச்சாகும் நூல்களின் பிரதியை அங்கு அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் சட்டம் கூறுகிறது. ஆயினும் சைக்ளோஸ்டைல் ஏடுகளையும் நாலணாப் படக்கதைகளையும் எந்தச் சட்டமும் முழுமையாகச் சேர்த்துவிட முடியாது. 1972இல் பெரிய நூலகம் ஒன்றில் சிற்றிதழ்கள் கழித்துக் கட்டப்பட்டுக் கிடப்பதைக் கண்டு மனம் வருந்திய சந்தீப் தத்தர் என்ற இளைஞர், 1978இல் கல்லூரித் தெருவுக்கு அருகில் தம் வீட்டிலேயே சிற்றிதழ் நூலகம் ஒன்றை அமைத்தார். ஆசிரியப் பணியில் ஈட்டிய ஊதியத்தைக் கொண்டு அதனை வளர்த்தார். 2023இல் அவர் மறைந்தபோது, ஆய்வாளர் பலருக்கு வேறெங்கும் கிடைக்காத ஏடுகள் அங்கு இருந்தன. வைப்பதா கழிப்பதா என்று நிறுவனம் கணக்குப் பார்க்கும் நேரத்தில், ரசிகர் எடுத்து வைத்துவிடுகிறார். அன்பு இல்லாத இடத்தில் ஆவணமும் நிலைப்பதில்லை.

ஆகவே நேயர்களிடம் என் வேண்டுகோள் எளியது. வீட்டுப் பரணில் கிடக்கும் படக்கதைக் கட்டையும் பழைய விஞ்ஞானக் கதை இதழையும் பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏற்றுமுன், ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் வரைந்தது என்று குறித்து வையுங்கள். உங்கள் மகனோ மகளோ நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் கட்டம் போட்டுக் கதை வரைந்தால், அந்தப் பக்கங்களைக் கிழித்தெறியாதீர்கள். தேர்வுக்கு அது உதவாமற் போகலாம். ஆனால் பார்த்ததைப் பாராட்டுவதோடு நில்லாமல், தானும் ஒன்று செய்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அந்தப் பக்கங்களில்தான் முளைக்கிறது.