வான்கோழியின் தோலும் நம் பிள்ளைகளின் நிறமும்





வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வான்கோழியைக் கண்டால் பலருக்கும் சிரிப்பு வருகின்றது. அதன் தலையிலும் கழுத்திலும் இறகு இல்லை; முண்டும் முடிச்சுமான வெறுந்தோலே உண்டு. சேவலின் சொண்டின் மீது ஒரு சதை நீண்டு தொங்குகின்றது.

ஆனால், வல்ல அல்லாஹ் எதனையும் வீணாகப் படைக்கவில்லை. அந்த வெறுந்தோலின் வழியாகவே உடலின் மிகைவெப்பம் வெளியேறுகின்றது. பறவை கிளர்ச்சியடையும்போது தோலிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து சுருங்குவதால், சிவப்பு, நீலம், வெள்ளை என நிறம் மாறுகின்றது. இதனை முன்மாதிரியாகக் கொண்டு, 2014ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நச்சு ஆவிகளைக் கண்டறியும் உணர்கருவியொன்றை உருவாக்கினர். நாம் நகைக்கும் அந்தத் தொங்கு சதை நீளமாக உள்ள சேவலையே பேடு விரும்புகின்றது!

ஏனைய உயிரினங்களையும் பாருங்கள். ஒட்டகத்தின் முதுகிலுள்ள அடர்ந்த உரோமம் பாலைவன வெயிலைத் தடுக்கின்றது. வெண்ணிறமாகத் தோன்றும் துருவக் கரடியின் உரோமத்துக்கு உண்மையில் நிறமே இல்லை. அதன் தோலோ கறுப்பு. நம் நாட்டு அழுங்கின் செதில்கள், நமது நகங்களை ஆக்கியுள்ள கெரட்டின் என்னும் பொருளால் ஆனவை. சுருண்டு கொண்டால் அவையே அதற்குக் கவசம். ஒவ்வொன்றுக்கும் அது வாழும் இடத்துக்கு ஏற்ற போர்வை!

அவ்வாறாயின், மனிதனின் தோல் மாத்திரம் குறையுள்ளதாகுமா? தோலைக் கருமையாக்கும் மெலனின், சூரியனின் புறஊதாக் கதிர்களிலிருந்து எம்மைப் பாதுகாக்கின்றது. வெயில் மிகுந்த தேசத்தில் வாழும் எமக்கு அது ஓர் அருட்குடை.

பெற்றோர்களே! அந்த அருளை நாம் எவ்வாறு மதிக்கின்றோம்? வீட்டிலேயே பிள்ளையைக் "கறுப்பி" என அழைக்கின்றோம். திருமணப் பேச்சில் மார்க்கப்பற்றுக்கு முன்னர் நிறத்தை விசாரிக்கின்றோம். மனமுடைந்த பிள்ளை வெண்மையாக்கும் களிம்பை நாடுகின்றது. அத்தகைய களிம்புகள் சிலவற்றில் கலந்துள்ள பாதரசம் சிறுநீரகங்களைப் பழுதாக்கும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. நாம் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல்லின் விலை அது!

ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயரால் அழைப்பதையும் ஸூரா அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் தடை செய்கின்றது. நிறத்தால் எவருக்கும் மேன்மையில்லை, இறையச்சத்தாலேயே மேன்மை என்று ஹிஜ்ரி 10இல் தமது இறுதி ஹஜ்ஜின்போது நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றிகொள்ளப்பட்டபோது, புனித கஃபாவின் மீதேறிப் பாங்கு சொல்லும் பேறு பெற்றவர் அபிசீனிய வம்சத்தவரான கருநிறத்துப் பிலால் (ரலி) அவர்களே.

இளைஞர்களே! ஒருவருடைய தோற்றத்தை நகைப்பது, அவரைப் படைத்தவனின் படைப்பை நகைப்பதாகும். இன்றே அந்தப் பட்டப்பெயர்களைக் கைவிடுங்கள். பெற்றோர்களே! உங்கள் பிள்ளையை அதன் அழகிய பெயரால் அழையுங்கள்.

நம் நாவுகளையும் உள்ளங்களையும் அல்லாஹ் தூய்மையாக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.